எங்கள் ஏரி கோடி போன வருஷம்

என் அக்காவின் கிணற்றைக் கெடுத்தது நீங்கள்தான், தலைவரே. ஆறு கெடுக்கவில்லை. மலைக்காரர்கள் கெடுக்கவில்லை. நீங்கள் கெடுத்தீர்கள்.

படிக்கிறவர்களுக்கு ஆளைச் சொல்லிவிடுகிறேன். தலைவர் என்பவர் எங்கள் ஊர் ஏரிப்பாசன விவசாயிகள் சங்கத்தின் தலைவர். பெயரை எழுதப்போவதில்லை. ஊரையும் எழுதப்போவதில்லை. கச்சிராயபாளையத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அதே ஏரியில் பாசனம் வைத்திருப்பவன். பள்ளத்தில் நெல், கொஞ்சம் கரும்பு, மேட்டில் மரவள்ளி. எனக்கு அழகாக எழுத வராது. இதில் எழுதப்போகும் விஷயத்துக்கு அழகு தேவையும் இல்லை.

கோமுகி ஆறு கல்வராயன் மலையில் பிறந்து மணிமுக்தா ஆற்றில் சேருகிறது என்று பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அதை மனப்பாடம் செய்தேன். அந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு வாளித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது. ஆறு மலையில் மட்டும் பிறப்பதில்லை. மலையின் வடக்குச் சரிவில் விழும் மழை தென்பெண்ணைக்குப் போய்த் திருக்கோவிலூரைப் பார்க்கிறது. எங்கள் பக்கச் சரிவில் விழும் மழை பல ஓடைகளாக இறங்கி, வடக்கனந்தலுக்கு மேலே அடிவாரத்தில் அணையில் நிற்கிறது. அங்கிருந்து திறந்தால் ஆற்றிலும் கால்வாயிலும் வருகிறது. ஆற்றில் வருவதை ஊருக்கு ஊர் சின்ன அணைக்கட்டு கட்டி மறித்து வாய்க்காலில் திருப்புகிறோம். வாய்க்கால் ஏரிக்குப் போகிறது. ஏரி நிரம்பினால் கோடி வழியாக வழிந்து ஓடையில் இறங்குகிறது. கோடி என்பது கரையின் ஓரத்தில் உபரித் தண்ணீர் வெளியேறக் கட்டிய கல் கலிங்கல். அந்த ஓடை மறுபடியும் ஆற்றில் விழுகிறது. அப்புறம் அடுத்த அணைக்கட்டு, அடுத்த ஏரி. இப்படி ஆற்றுக்குள் போய், ஏரிக்குள் போய், நிலத்துக்குள் போய், மிச்சம் இருப்பதுதான் மணிமுக்தாவில் சேர்ந்து, விருத்தாசலம் தாண்டி வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைப் பார்க்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஏரியின் கோடி ஓடை ஆற்றில் விழுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, எதிர்க்கரையில்தான் என் அக்காவின் கிணறு இருக்கிறது. எங்கள் ஏரியில் எது வழிகிறதோ அதுதான் அக்காவின் கிணற்றில் ஊறும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். தண்ணீர் பள்ளத்துக்குப் போகும் என்று தெரிந்திருந்தால் போதும்.

முன்பென்றால் ஆற்று மணல் கொஞ்சம் வடிகட்டியிருக்கும். கோமுகி வருஷத்தில் பாதி நாள் மணலுக்கு அடியில்தான் ஓடியது. இப்போது மணல் ஏது? அள்ளி அள்ளிக் களிமண்ணும் பாறையும் தெரிகின்றன. குழிகளில் முள்ளுச்செடி, பிராந்திப் பாட்டில், கோழிக்கடைக்காரர்கள் மூட்டையாகக் கட்டி எறிந்த குடலும் இறகும். அந்த மூட்டைகளை நாய்கள் இழுத்துப் பிரித்துப் போட்டிருக்கும் ஆற்றைத்தான் நாங்கள் தை மாதம் சாமியைத் தூக்கிக்கொண்டு போய்த் தீர்த்தவாரி நடத்தும் இடம் என்கிறோம். வெட்கம் கிடையாது.

எங்கள் ஏரி பல வருஷமாகக் கோடி போகாமல் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஏரி கோடி போவது ஒரு பெரிய விசேஷம். கோடிக்கல்லில் மஞ்சள் குங்குமம் வைத்து, பூத்தூவி, கிடா வெட்டிப் படைப்பார்கள். எந்தத் தலைவர் காலத்தில் கோடி போனது என்று ஊர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். "அவரு இருந்தப்பதான் கோடி போச்சு" என்று செத்துப்போனவர்களைக்கூடப் புகழ்வார்கள். அந்தப் புகழ் உங்களுக்கு வேண்டியிருந்தது, தலைவரே. வேண்டியிருந்தால் தப்பில்லை. அதற்காக எதை உள்ளே விட்டு ஏரியை நிரப்பினீர்கள் என்பதுதான் கேள்வி.

கோடி போன அந்த வருஷம் மழை கம்மி. எங்கள் பக்கம் நாலு தூறல்தான். அணை திறக்கவில்லை. ஆனாலும் ஏரி கிடுகிடுவென்று ஏறியது. ஒரு காலையில் கோடி போகிறது என்று பறை கேட்டது. நானும் ஓடினேன். பொய் சொல்லவில்லை, எனக்கும் சந்தோஷம்தான். கரையை அடைவதற்கு முன்பே நாற்றம் வந்தது. ஊறவைத்து மறந்துபோன மாவு புளித்து, அதில் எலி விழுந்து செத்திருந்தால் எப்படி நாறுமோ அப்படி. கோடிக்கல்லில் தண்ணீர் வெள்ளையாக நுரை கட்டிக்கொண்டு இறங்கியது. ஓடையில் நுரை ஆளுயரத்துக்கு மலைபோல நின்றது. பிள்ளைகள் அதை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள்.

என் மனைவியின் தம்பி பக்கத்தில் நின்றான். அவன் டிராக்டர் ஓட்டுபவன். வாய் கொஞ்சம் நீளம்.

"மாமா, இது தண்ணியா, ஜவ்வரிசி மில்லுல கெழங்கு கழுவி ஊத்தினதா?"

முன்னால் நின்ற ஒரு பெரியவர் திரும்பி முறைத்தார். "புதுத்தண்ணிடா. மொதத் தண்ணி அப்படித்தான் நாறும். குப்பைய எல்லாம் அடிச்சிக்கினு வருதில்ல?"

"புதுத்தண்ணியா? இது போன வருசத்துப் பழைய கஞ்சி மாதிரி இருக்குது."

"வாய மூட்றா. கோடி போற எடத்துல அபசகுனமா பேசிக்கினு."

கிடா வெட்டினார்கள். ரத்தம் அந்த நுரையில் விழுந்து ரோஸ் நிறமாகச் சுற்றிக்கொண்டே போனது. உங்களுக்கு மாலை போட்டார்கள். நீங்கள் மூக்கைச் சுளிக்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோடிக்கல்லில் இறங்கி நின்று, இரண்டு கையாலும் அந்தத் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டீர்கள். அதை வீடியோ எடுத்து ஊரே ஸ்டேட்டஸ் வைத்தது. வீடியோவில் நாற்றம் வராது. அதுதான் உங்களுக்கு வசதி.

ஏரி நிரம்பியதா என்று மட்டும்தான் எங்கள் ஊர் பார்க்கும். எதனால் நிரம்பியது என்று ஒருவர் கேட்கவில்லை. தவளை செத்துக் கரையில் ஒதுங்கியதைப் பார்த்தவர்கள்கூட "வெயில் ஜாஸ்தி" என்றார்கள்.

சில நாள் கழித்து அக்கா போன் செய்தாள். அக்கா வீட்டுக்காரர் இறந்துவிட்டார். பையன் சென்னையில் வேலை. அவள் ஆற்றோரக் கொல்லையிலேயே வீடு கட்டிக்கொண்டு இரண்டு கறவை மாட்டை வைத்துப் பிழைக்கிறாள். தெருவிலிருந்து தள்ளி இருப்பதால் பஞ்சாயத்துக் குழாய் அங்கே கிடையாது. குடிக்க, சமைக்க, மாட்டுக்கு, தீவனப்புல்லுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கிணறுதான்.

"தம்பி, கெணத்துல எதுனா செத்துக் கெடக்குதான்னு வந்து பாருடா. மாடு தண்ணிகிட்ட மூஞ்சக் கொண்டாந்துட்டுத் திருப்பிக்குது."

போய் வாளியை இறக்கினேன். மேலே இழுத்துப் பார்த்தேன். தண்ணீரின் மேல் சாம்பல் நிறத்தில் ஏடு. ஏட்டைக் கையால் விலக்கினால் நூல்போல நீண்டு விரலில் ஒட்டியது. அதே புளித்த நாற்றம். கழுவிக் கழுவிப் பார்த்தேன், வீட்டுக்கு வந்து சோறு பிசையும்போதும் விரலில் அது இருந்தது. சோற்றைக் கொட்டிவிட்டேன்.

அக்காவின் கால் முழுக்கச் சொறிந்து சொறிந்து தோல் உரிந்திருந்தது. அதை அவள் காட்டவில்லை. நான்தான் பார்த்தேன்.

"இது எப்பலேந்து?"

"அத்த வுடுடா. மாட்டுக்குப் பால் நின்னுப் போச்சு, அத்தப் பாரு."

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"சொல்லாம? பஞ்சாயத்துல போயிக் கேட்டேன். ஆத்துலேந்து வருது, மேல இருக்கவன போயி கேளுன்னாங்க. மேலன்னா எங்கடா? நான் எவ்ளோ தூரம் மேல போறது?"

நான் போகிறேன் என்றேன். மச்சானின் பைக்கில் இரண்டு பேரும் ஆற்றை ஒட்டியே மேலே போனோம்.

முதல் அணைக்கட்டில் மீன் வலையை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க கீழ் ஊரா? எங்க ஊருகிட்ட இன்னா இருக்குது, வெறும் குட்டைதான். டேம்ல எதையோ தொறந்து வுட்டுட்டானுங்க. போயி டேம்ல கேளுங்க." அவர் குட்டையில் தண்ணீர் பச்சையாக இருந்தது, நாறவில்லை. நாற்றம் அதற்குக் கீழேதான் சேர்கிறது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கோபத்தில் கண் தெரியவில்லை.

அணையில் ஷட்டரைக் காவல் காக்கும் லஸ்கர் கோபப்பட்டார். "தொறந்தாதானேங்க தண்ணி வரும்? துரு புடிச்ச மாதிரி மூடிக் கெடக்குது, வந்து பாருங்க." காட்டினார். மூடித்தான் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "மலையில எதுனா பண்ணுவானுங்க. மலைக்காரனுங்க போடுற சாராய ஊறல போலீசு அழிக்கும்போது ஓடையில ஊத்திடுறாங்க, அதுவா இருக்கும்" என்றார்.

அதுவும் இருக்கலாம் என்று மலை ஏறினோம். வளைவுகளில் மச்சானின் பைக் திணறியது. வெள்ளிமலைக்குப் போகிற வழியில், ஓடைக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு பெண் மரவள்ளிக்குக் களை கொத்திக்கொண்டிருந்தார். ஓடையில் இறங்கிப் பார்த்தேன். காலுக்குக் கீழே கூழாங்கல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மச்சான் குனிந்து குடித்தான். நானும் குடித்தேன். பல நாளுக்குப் பிறகு நாறாத தண்ணீர்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"கீழ எது நாறினாலும் எங்களத்தான் சொல்லுவீங்களா?"

"அப்படிச் சொல்றாங்கம்மா. அதான் பாக்க வந்தோம்."

"பாத்தீங்க இல்ல? நாங்க கெழங்குதான் போடறோம். மில்லு போடலையே. கெழங்க லாரியில ஏத்திக்கிட்டு எறங்குறது நீங்க. பழிய மட்டும் ஏத்திக்கிட்டு மேல வர்றீங்க."

மச்சான் என் முதுகில் தட்டினான். "மாமா, வண்டிய திருப்பு. நம்ம ஊரத் தாண்டி வந்துட்டோம்."

எனக்கு அங்கே வந்த அருவருப்பு வாளியைப் பார்த்தபோது வந்ததைவிட அதிகம். பஞ்சாயத்து அணைக்கட்டைக் காட்டியது. அணைக்கட்டு அணையைக் காட்டியது. அணை மலையைக் காட்டியது. மலைக்கு மேலே காட்ட ஆள் இல்லை, வானம்தான். அதனால் பழி முழுக்க அவர்கள் தலையில். ஆறு கீழ்நோக்கி ஓடுகிறது, குற்றம் மட்டும் மேல்நோக்கி ஏறுகிறது. அதை நானும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

இறங்கி வந்து, ஆற்றை விட்டுவிட்டு, எங்கள் ஏரிக்கு வரும் வாய்க்காலைப் பிடித்து நடந்தோம். அணைக்கட்டுப் பக்கம் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. புல் வாடியிருந்தது. பாதி வழிக்கு மேல் திடீரென்று ஈரம், நாற்றம், கொசு. அங்கே இடது கரையில் புதிதாக ஒரு வெட்டு. பொக்லைன் பல்லின் தடம் மண்ணில் அப்படியே இருந்தது. அந்த வெட்டு நேராக ஜவ்வரிசி மில்லின் பின்பக்கத்துக்குப் போனது. மில்லில் கிழங்கு கழுவி, மாவு எடுத்து மிஞ்சும் தண்ணீரை வருஷக்கணக்காகத் தேக்கி வைத்திருக்கும், ஏரி போன்ற பெரிய குட்டை அங்கே இருக்கிறது. குட்டைக்கரையை உடைத்து வெட்டோடு சேர்த்திருந்தார்கள். உள்ளே கறுப்பாக, தோல் தோலாக, குமிழி விட்டுக்கொண்டு அது இறங்கிக்கொண்டிருந்தது. குமிழி உடையும்போது ஒவ்வொரு தடவையும் சத்தம் கேட்டது. மச்சான் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு அவன் ஜோக் அடிக்கவில்லை.

மழைக்கு முன்னால் வாய்க்காலைத் தூர் வாரியது யார் என்று ஊருக்கே தெரியும். சங்கத்தின் பேரில் பொக்லைன் கொண்டுவந்து, பூஜை போட்டு, முன்னால் நின்று வாரியது நீங்கள்.

டீக்கடையில் உங்களை எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். மறந்திருக்க மாட்டீர்கள். மறந்திருந்தால் எழுதுகிறேன்.

"இன்னாய்யா, காலங்காத்தால மூக்கப் புடிச்சிக்கினு வர்ற?" என்றீர்கள்.

"மில்லுக் குட்டைய வாய்க்கால்ல சேத்தது யாரு, தலைவரே?"

"எவன் சேத்தா இன்னா? ஏரி நெரம்பிச்சா இல்லியா?"

"கெழங்கு கழுவின தண்ணியில நெரம்பிச்சு."

"தண்ணி தண்ணிதான்யா. அதுல உரம் இருக்குது. மதகுக்குக் கீழ பயிர போயி பாரு, கரும்பச்சையா நிக்குது. ஒனக்குப் பாயலியா? ஒன் வயலு பச்சையா இல்லியா?"

பச்சையாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து ஊரே சந்தோஷப்பட்டதும் உண்மை. முறை வைத்துப் பாயும் தண்ணீருக்கு அடுத்தவன் மடையை உடைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள், அந்தச் சாக்கடைக்கு! பிறகு கதிர் வந்தபோது பாதி பதராகப் போனது. அதற்கும் "பூச்சி" என்று சொல்லிவிட்டார்கள்.

நான் சொன்னேன், "எங்க அக்கா கெணறு செத்துப் போச்சு."

"ஒங்க அக்கா கெணறு ஆத்தோரம். என் சங்கம் ஏரிக்கு. ஆத்துக்கும் எனக்கும் இன்னாய்யா சம்பந்தம்?" என்று சொல்லிவிட்டு, கடையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தீர்கள். "இவன் கெழங்கு எந்த மில்லுக்குப் போவுதாம்? கேளுங்கடா."

எல்லோரும் சிரித்தார்கள். ஆமாம், என் மரவள்ளியும் அந்த மில்லுக்குத்தான் போகிறது. இந்தப் பக்கத்தில் வேறு எங்கே போகும்? கிழங்கு விற்றவன் எல்லாம் கழிவைக் குடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? மில்காரர் குட்டையைக் குட்டையாக வைத்திருந்தவரை யார் கிணறும் சாகவில்லை. அதற்கு ஏரிக்கு வழி காட்டியது யார் என்றுதான் கேட்டேன். நீங்கள் டீயை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள்.

அந்த வாரமே வெட்டு மூடப்பட்டது. இரவோடு இரவாக மண்ணைத் தள்ளி, மேலே வேலிக்கருவை முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். நான் மனுக் கொடுத்து ஒரு அதிகாரி வந்தபோது காட்ட அங்கே எதுவும் இல்லை. "வாய்க்கால் சுத்தமாத்தானே இருக்குது" என்றார். அக்கா கிணற்றை எட்டிப் பார்த்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆத்து ஊத்துங்க. இதுக்கு யாரையும் பொறுப்பாக்க முடியாது" என்றார். ஆற்றைக் கைநீட்டிக் காட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பொறுப்பில்லை என்ற அந்த ஒரு வார்த்தைதான் இப்போது அக்காவின் கழுத்தில் இருக்கிறது. கிணற்றைப் பலமுறை இறைத்துப் பார்த்தோம். இறைத்த தண்ணீரை எங்கே விடுவது என்று அதற்கு வேறு சண்டை. சேற்றை வாரினோம். புது ஊற்று வந்தது, இரண்டு நாள் தெளிவாக இருந்தது, மறுபடியும் ஏடு கட்டியது. ஏரியில் இருப்பது தீர்கிறவரை, ஓடையின் அடிமண்ணில் ஊறியது கரைகிறவரை இது நிற்காது. சங்கம் தன்னால்தான் வந்தது என்று ஒத்துக்கொண்டால் மில்லும் சங்கமும் சேர்ந்து ஓடையைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அதுவரை அக்காவுக்குத் தெருக்குழாயிலிருந்து ஒரு பைப் இழுத்தாக வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அது வெறும் ஆற்றுத் தண்ணீர். ஆற்றுக்கு யார் நோட்டீஸ் கொடுப்பது?

மாட்டை விற்கும்படி பையன் சொல்கிறான். சென்னைக்கு வந்துவிடு, ஒரு ரூம்தான், இருந்தாலும் குழாயில் தண்ணீர் வருகிறது என்கிறான். அக்கா தெருக்கோடிக் குழாயில் இருந்து குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். மாடு ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த நடை என்ன என்று தெரியும். போன வாரம் கேட்டேன், இன்னாக்கா முடிவு பண்ணியிருக்கே என்று.

"கோடைக்கி முன்னாடி எதுனா ஒண்ணு ஆவணும்டா. இல்லன்னா மாட்டப் புடிச்சிக் குடுத்துட்டுக் கெளம்ப வேண்டியதுதான். ஆனா ஒண்ணு. நான் ஊர வுட்டுப் போனா, கெணறு வத்திப் போச்சு, அதான் போயிட்டான்னு பேசுவானுங்க. வத்தலடா. நெறையாத்தான் இருக்குது."

ஆமாம், கிணறு நிறையத்தான் இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

அதனால் கேட்கிறேன், தலைவரே. அடுத்த கிராம சபைக்கு அக்கா வருகிறாள். முன்வரிசையில் உட்காருவாள். நான் மைக்கில் ஒரே கேள்வி கேட்பேன்: பொக்லைன்காரனை மில் பக்கம் வெட்டச் சொன்னது யார்? ஆற்றைக் காட்டாதீர்கள், அணையைக் காட்டாதீர்கள், மலையைக் காட்டாதீர்கள். அங்கெல்லாம் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். டீக்கடையில் முணுமுணுத்ததும் சிரித்ததும் கணக்கில் வராது. எழுந்து நின்று, மைக்கைக் கையில் வாங்கி, ஊர் முழுக்கக் கேட்கும்படி, அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.